பின்பக்கத்து அடுப்பு

ரோட்டிலிருந்து லயத்துக்கு நூற்று அறுபத்தெட்டுப் படிகள். சிமெண்ட் பூசிய படிகள் தொண்ணூற்றொன்று. மீதி எழுபத்தேழும் மண்ணில் வெட்டி, ரப்பர் கட்டையை முட்டுக் கொடுத்தவை. பெருமழை பெய்தால் அந்தக் கட்டைகளில் இரண்டு மூன்று கழன்று உருண்டுவிடும், எண்ணிக்கை குறையும். முதல் நாள் ஏறும்போது நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போன அம்மாள் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்து, "அட்டை ஏறும் சேர், நிக்காதீங்க" என்றார். அதற்குள் என் இடது காலில் இரண்டு ஏறியிருந்தன.

அந்த அம்மாள் வீட்டில்தான் நான் பத்து மாதம் தங்கினேன். எனக்கு அப்போது எழுபத்தொரு வயது. முப்பத்து நான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் சுவர்க் கடிகாரம் அடிப்பதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஓய்வு பெற்ற ஆசிரியர்களை வெளிநாட்டுத் தமிழ்ப் பள்ளிகளுக்குச் சம்பளமில்லாமல் அனுப்பும் ஓர் அமைப்பைப் பற்றி நண்பர் சொன்னார். இலங்கையில், ருவான்வெல்லைக்கும் கித்துல்கலவுக்கும் நடுவே ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் இரண்டு வருடமாகக் கணக்கு ஆசிரியர் இல்லை என்றார்கள். பத்தாம் பதினோராம் வகுப்புகளில் இருபத்து மூன்று பிள்ளைகள். பிப்ரவரி நடுவில் போய்ச் சேர்ந்தேன்.

தங்குவதற்குப் பள்ளி அதிபர் ஏற்பாடு செய்திருந்தது அந்த லயத்தில் ஆறாவது வீடு. அங்கே தொழிலாளர் வீட்டு வரிசையை லயம் என்றும், அதில் ஒரு வீட்டைக் காம்பரா என்றும் சொல்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் பத்துக் காம்பராக்கள். எங்களுடையதில் முன்னால் பலகை அடித்து மறைத்த ஒடுங்கிய தாழ்வாரம். அதற்குப் பெயர் இஸ்தோப்பு. உள்ளே பத்தடிக்குப் பன்னிரண்டடி ஓர் அறை. பின்னால் சமையல்கட்டு. அதையொட்டித் தகரக் கூரை போட்டு இறக்கிய ஒரு சாய்ப்பு. உள் அறையை எனக்குக் கொடுத்துவிட்டு அந்த அம்மாளும் அவர் கணவரும் இஸ்தோப்பில் படுத்துக்கொண்டார்கள். சாய்ப்பில் அவர்கள் மகளும், மகளின் ஐந்து மாதக் குழந்தையும். மருமகன் எஹலியகொடையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் இரும்புக்கடையில் வேலை; சனிக்கிழமை மாலை பஸ்ஸில் வந்து திங்கள் காலை போவார். என்னையும் சேர்த்து ஆறு பேர். சனி, ஞாயிறு தவிர ஐந்து.

அம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ரப்பர் பால் வெட்டும் வேலை. ஒரு காலைக்கு முந்நூறு மரம். மழை பெய்தால் வெட்டு இல்லை, அன்று முகம் சரியாக இராது. கணவருக்குத் தோட்டத்து ஸ்டோரில் புகைக்கூட்டு வேலை. பாலை உறையவைத்துத் தட்டிய ஷீட்டுகளைத் துணி காயப்போடுவது போலத் தொங்கவிட்டு, கீழே விறகை எரித்து நாள்கணக்கில் புகை காட்டும் கட்டடம் அது. மனிதர் வீட்டுக்குள் நுழையும் முன்பே வாசம் வந்துவிடும். சிங்களம் தமிழ் இரண்டிலும் ஒரே வேகத்தில் பேசுவார், இரண்டிலும் கேலிதான். முதல் நாள் நான் கொண்டுபோன மாத்திரை டப்பாக்களை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்ததைப் பார்த்து, "கடே போடப் போறீங்களா சேர்?" என்று கேட்டார். பதினோரு டப்பா. நானே எண்ணிச் சொன்னேன். அவர் சிரித்தார்.

அந்த வீட்டில் இரண்டு அடுப்பு இருந்தது. சமையல்கட்டில் அம்மாளின் அடுப்பு. சாய்ப்புக்கு வெளியே, கூரையின் சரிவுக்குக் கீழ், மகளின் அடுப்பு. கல்யாணமான பிள்ளை ஒரே காம்பராவில் இருந்தாலும் தனியாக உலை வைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். உலை தனியானால் குடும்பம் தனி. அதன் பிறகு பண்டிகைக்கு ஒருவர் வீட்டுச் சோற்றை இன்னொருவர் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதெல்லாம் உண்டு. ஆனால் பானை வேறு, விறகு வேறு. மகள் கல்யாணமான மூன்றாம் நாள் அம்மாளே மூன்று கல் எடுத்துக் கொடுத்து, களிமண் பூசி அந்த அடுப்பைப் போட்டுக் கொடுத்தாராம்.

எனக்கு இது விளங்க அதிக நாள் ஆகவில்லை. லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் ஒரு வெடிப்பு இருந்தது. முந்தின வருட மழையில் விட்டது. அளக்க வந்தவர்கள் இரண்டு பக்கமும் வெள்ளை அடித்த முளைகளை வரிசையாக நட்டிருந்தார்கள், பதினான்கு முளை. இந்த லயம் இருக்கக் கூடாத இடம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கீழே ரோட்டோரச் சமதரையில் எங்கள் லயத்துக்கும் அடுத்த லயத்துக்குமாக இருபது புது வீடுகள் பாதி எழும்பி நின்றன. குடும்பத்துக்கு ஒரு வீடு. காம்பராவுக்கு ஒன்று அல்ல. யார் யார் தனிக் குடும்பம் என்று பட்டியல் எடுக்க வருவார்கள், வந்தால் அடுப்பைப் பார்ப்பார்கள். எங்கள் காம்பராவில் இரண்டு அடுப்பு, ஆகவே இரண்டு வீடு. மகளுக்கு அந்த வீடு கிடைத்தால் மருமகன் அங்கே முன் அறையில் ஒரு சின்னக் கடை வைப்பதாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே போய், சுவர் மட்டும் எழுந்த ஒரு வீட்டுக்குள் நின்றுவிட்டு வருவார்கள். ஒன்பதாம் இலக்க வீடு. அது கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அவர்களாகவே தேர்ந்துகொண்டது.

இதெல்லாம் எனக்குச் சொல்லப்பட்டது. சொன்னதை நான் கேட்டுத் தலையாட்டினேன். அப்படியிருந்தும் நடந்ததை எழுதுகிறேன்.

என் அறைக்கு ஒரே ஜன்னல். மகளின் அடுப்பு அந்த ஜன்னலுக்கு நேர் கீழே. காலை நாலரைக்கு அவள் குழந்தைக்கு வெந்நீர் வைப்பாள். ஈர ரப்பர் விறகு. அதன் புகை கனமானது, மேலே போகாமல் சுவரோடு ஒட்டி ஏறி, ஜன்னலைக் கண்டால் உள்ளே திரும்பும். ஜன்னலைச் சாத்தினால் அறையில் காற்றே இல்லை. எனக்குப் பழைய மூச்சிரைப்பு. எழுந்ததிலிருந்து பள்ளிக்குக் கிளம்பும் வரை எத்தனை தடவை இருமுகிறேன் என்று கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு நாளும் குறித்துவந்தேன். அதே நோட்டில் மழை பெய்த நாள், கழன்ற படி, காலில் ஏறிய அட்டை, பிள்ளைகள் எடுத்த மதிப்பெண் எல்லாம் உண்டு. முப்பதாம் நாள் இருமல் முப்பத்தாறு. ஐம்பதாம் நாள் நாற்பத்தொன்று.

மூன்று தடவை சொன்னேன். முதல் தடவை அம்மாளிடம், பொதுவாக, விறகு ஈரம் போலிருக்கிறது என்று. அன்றிலிருந்து அவர் விறகைத் தன் அடுப்பின் மேல் பரணில் காயவைத்து மகளுக்குக் கொடுத்தார். புகை குறையவில்லை. இரண்டாம் தடவை கணவரிடம். "நான் புகையிலேயே காஞ்ச ஷீட்டு சேர், எனக்கு ஒன்னும் தெரியாது. உங்களையும் ரெண்டு நாள் நம்ம புகைக்கூட்டுல தொங்கவிட்டா சரியாயிரும்" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திவிட்டார். மூன்றாம் தடவை, ஐம்பத்து நான்காம் நாள், இப்படியே போனால் ருவான்வெல்லை பஜாரில் ஏதாவது கடை மாடியில் அறை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதிபரிடமும் அதைச் சொல்லியிருந்தேன். அவர் இவர்களிடம் கேட்டிருக்கிறார். வந்த மனிதரை வைத்துக்கொள்ளத் தெரியாமல் அனுப்பிவிட்டார்கள் என்று லயத்தில் பேச்சு வருமே என்று அந்த வீட்டில் இரண்டு நாள் என்ன பேசிக்கொண்டார்களோ எனக்குத் தெரியாது. நான் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

ஐம்பத்தாறாம் நாள் சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னே வந்தது. லயம் முழுக்க வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளியிலிருந்து வந்து ஜன்னலைத் திறந்தால் கீழே அடுப்பு இல்லை. மூன்று கற்களும் கொய்யா மரத்தடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அடுப்பு இருந்த இடம் சாணம் போட்டு மெழுகியிருந்தது. மகள் கையெல்லாம் சுண்ணாம்பு.

"ஏம்மா?" என்று கேட்டேன்.

"சும்மாதான் சேர். அம்மா அடுப்பே போதும். பட்டியல் எடுக்க ஆடி தாண்டணும்னு சொல்லியிருக்காங்க, அதுக்குள்ள திருப்பி வச்சிக்கிறலாம்."

நான் நன்றி சொன்னேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலை இருமல் ஒன்பது. அன்றைக்கு நோட்டில் தேதி போட்டு, 'பின்பக்கத்து அடுப்பு எடுக்கப்பட்டது' என்று எழுதி, அடியில் கோடு போட்டேன். அந்தக் கோட்டைப் போடும்போது எனக்கு நிறைவாக இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை.

வருடப்பிறப்புக்கு மருமகன் வந்தார். பையை இறக்கி வைத்துவிட்டுப் பின்பக்கம் போனவர் கொஞ்ச நேரம் வரவில்லை. அவர் அதிகம் பேசாதவர். அன்று எல்லோருக்கும் ஒரே பானையில் பொங்கல். பக்கத்துக் காம்பராக்காரர் இஸ்தோப்பில் எட்டிப் பார்த்து, "என்ன மாப்புள்ள, மறுபடி மாமியா ஒலைக்கே வந்துட்டீங்க போல? வீட்டோட மாப்புள்ளயா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மருமகனும் சிரித்தார். ஆனால் இலையில் வைத்ததில் பாதியை அப்படியே மடித்துவிட்டார். ஐந்து நாள் விடுமுறைக்கு வந்தவர் மூன்றாம் நாளே கடையில் சரக்கு வருகிறது என்று கிளம்பிப்போனார். நான் இதையும் பார்த்தேன். பார்த்ததை வேறு எதனோடும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

மே மாதக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. நிற்காமல் ஆறு நாள். வெட்டு இல்லை. ஐந்தாம் நாள் படிகளில் பதினொன்று போய்விட்டது. பின்னால் வெடிப்பைப் பள்ளி அடிக்கோலால் அளந்தேன். வந்த வாரம் இரண்டு சென்டிமீட்டர் இருந்தது, இப்போது நான்கு. எல்லோரும் இரண்டு இரவு பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்தோம். மழை கொஞ்சம் விட்டுத் திரும்பி வந்த மறுநாள், அதாவது நான் வந்த நூற்றிரண்டாம் நாள், முன்னறிவிப்பு இல்லாமல் பட்டியல் எடுக்க வந்துவிட்டார்கள். அடுத்த மழைக்குள் ஆட்களை இறக்க வேண்டும், ஆடி வரை பொறுக்க முடியாது என்று மேலிடத்து உத்தரவாம்.

வந்தவர் இளம்பெண், சிங்களவர். குடை, தோள்பை, ஒரு அட்டையில் கிளிப் போட்ட தாள்கள். உதவிக்குத் தோட்டத்து அலுவலகத்திலிருந்து ஒரு தமிழ் எழுத்தர். வெட்டு இல்லாததால் அம்மாள் வடிகான் வெட்டும் வேலைக்குப் போயிருந்தார். கணவர் ஸ்டோரில். வீட்டில் மகளும் குழந்தையும் நானும்தான். பள்ளி மூடியிருந்தது.

அந்தப் பெண் மரியாதையாக நடந்துகொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையல்கட்டுக்குள் போனார். ஓர் அடுப்பு. சாய்ப்பைப் பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே பார்த்தார். மெழுகின தரை. மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிங்களத்தில் வேகமாகச் சொன்னாள். கையால் அடுப்பு இருந்த இடத்தைக் காட்டினாள், கொய்யா மரத்தடிக் கற்களைக் காட்டினாள், பிறகு என்னைக் காட்டினாள். அந்தப் பெண் தலையாட்டி ஏதோ எழுதப்போனார். அப்புறம் என் பக்கம் திரும்பி எழுத்தரிடம் ஏதோ கேட்டார்.

எழுத்தர் எனக்குத் தமிழில் சொன்னார்: "ஐயா இந்தியாவுல இருந்து வந்த படிச்ச மனுசன், பொய் சொல்ல மாட்டாருன்னு மிஸ் கேக்குறாங்க. இந்தப் பொண்ணுக்குத் தனி அடுப்பு இருந்துச்சா?"

எனக்குச் சந்தோஷம். அவளுக்கு உதவ ஒரு வாய்ப்பு வந்தது என்று நினைத்தேன். இருந்தது, என் கண்ணால் பார்த்தேன், என் இருமலுக்காகத்தான் எடுத்தார்கள் என்றேன். அதோடு நின்றிருக்கலாம். வெறும் வாய்ச்சொல்லை யார் ஏற்பார்கள், எழுத்தில் இருந்தால் பலம் என்று உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தேன். பக்கத்தைத் திருப்பி, அடிக்கோடு போட்ட வரியைக் காட்டினேன்.

"எடுத்து இன்றைக்கு நாற்பத்தாறு நாள்" என்றேன்.

எழுத்தர் அதைச் சிங்களத்தில் சொல்லவில்லை. மகளைப் பார்த்தார். ஆனால் அந்தப் பெண் நோட்டில் இருந்த தேதியைத் தானே படித்துவிட்டார். எண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். விரல் விட்டு எண்ணி, பிறகு மகளிடம் ஒரே ஒரு கேள்வி மெதுவாகக் கேட்டார். மகள் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

எழுத்தர்தான் படி இறங்கும்போது எனக்கு விளக்கினார். கடைசி ஒரு மாதத்தில் தனி உலை வைத்திருந்தால்தான் தனிக் குடும்பம். தாளில் அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பெண் இரக்கப்பட்டவர்தான். மகள் 'பத்து நாள்தான் ஆகிறது, மழைக்காக எடுத்தோம், சேருக்கும் இருமல்' என்று சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ள இருந்தார். என்னைக் கேட்டது ஒரு சம்பிரதாயத்துக்கு.

"நீங்க ஆமான்னு மட்டும் சொல்லியிருந்தா போதும்" என்றார் எழுத்தர். "நோட்டை எதுக்கு ஐயா கொண்டாந்தீங்க?"

அன்று மாலை அம்மாள் வந்ததும் மகள் சமையல்கட்டில் சொன்னாள். நான் அறையில் இருந்தேன். அழுகை எதுவும் கேட்கவில்லை. குரல் உயரவில்லை. கொஞ்ச நேரத்தில் வழக்கம்போல அம்மாள் தேத்தண்ணி கொண்டுவந்து ஜன்னல் விளிம்பில் மாத்திரை டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்தார். நக்கிக்கொண்டே குடிக்க என் உள்ளங்கையில் சீனியும் வைத்தார். நான் பேச வாயெடுத்தேன். "குடிங்க சேர், ஆறிரும்" என்று சொல்லிப் போய்விட்டார்.

கணவருக்கு அன்று வாசலிலேயே யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். உள்ளே வந்து என் எதிரே உட்கார்ந்தார். என் நோட்டு மேசையில் இருந்தது. அதை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார். கட்டங்களுக்குள் சின்னச் சின்ன எண்கள். அவருக்கு நன்றாகப் படிக்கத் தெரியும்.

"நம்ம சேர் கணக்குல கெட்டிக்காரரு" என்றார். "அதுக்குத்தானே கூட்டிட்டு வந்தாங்க."

அதில் கேலி எவ்வளவு, வலி எவ்வளவு என்று இன்று வரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நோட்டை மூடி, நேராக வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு என்னிடம் கேலி பேசவில்லை. என்னைக் கண்டால் மரியாதையாக எழுந்து நிற்கத் தொடங்கினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை மருமகன் வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. விஷயம் அவருக்குப் போனிலேயே தெரியும். என்னைப் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போய், கொய்யா மரத்தடியிலிருந்து மூன்று கற்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து பழைய இடத்தில் வைத்தார். களிமண் குழைத்தார். மகள் வந்து நின்று, "இனி எதுக்குங்க? அவங்கதான் எழுதிட்டுப் போயிட்டாங்களே" என்றாள். அவர் பூசிக்கொண்டே இருந்தார். களிமண் மழையில் கரைந்து ஒழுகியது. மேலே தகரத் துண்டு ஒன்றைச் சாய்த்து வைத்து, மறுபடியும் பூசினார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் நின்றதை அவர் கண்டிருப்பார். திங்கள் காலை நாலரைக்கு அந்த அடுப்பு எரிந்தது. புகை பழையபடி சுவரோடு ஏறி உள்ளே வந்தது. நான் ஜன்னலைச் சாத்தவில்லை. இருமலை எண்ணவும் இல்லை. சத்தம் வெளியே கேட்காமல் இருக்கப் போர்வையை வாயில் அழுத்திக்கொண்டேன்.

நான்கு மனு எழுதினேன், இரண்டு ஆங்கிலத்தில், இரண்டு தமிழில். அடுப்பு அகற்றப்பட்டதற்கு நானே காரணம், அவர்கள் இரண்டு வருடமாகத் தனிக் குடும்பம், விருந்தினரின் உடல்நிலை கருதி எடுத்ததை உலை கலந்ததாகக் கொள்ளலாகாது என்று. அதிபரும் ஒப்பமிட்டார். மூன்றுக்குப் பதில் இல்லை. ஒன்றுக்கு, அடுத்த கட்ட வீடுகள் வரும்போது கவனிக்கப்படும் என்று இரண்டு வரி வந்தது. அந்தத் தாளை மகளிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு குழந்தையின் தடுப்பூசி அட்டைக்குள் வைத்துக்கொண்டாள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டது அப்போதுதான். எத்தனை நாள் கழித்து என்று எனக்குத் தெரியும், எழுத மனமில்லை.

"நீங்க உண்மையைத்தானே சொன்னீங்க சேர்" என்றாள். "நான்தான் பொய் சொன்னேன்."

நவம்பரில் வீடுகளின் சாவி கொடுத்தார்கள். பள்ளி மண்டபத்தில் மேடை, வாழைமரம், மாலை. இருபது வீட்டுக்கு இருபது பேர். எங்கள் காம்பராவுக்கு ஒன்று, பதினேழாம் இலக்கம். ஒன்பதாம் இலக்கம் இரண்டாம் காம்பராக்காரருக்குப் போனது. கணவர் மாலையோடு சாவியை வாங்கி வந்து, மாலையைக் கழற்றி மகள் கழுத்தில் போட்டார். அவள் என்ன என்று பார்த்தாள். சாவியை அவள் கையில் வைத்துவிட்டு அவர் ஸ்டோருக்குப் போனார். அன்றும் அவருக்கு வேலை இருந்தது.

நான் அம்மாளிடம் கேட்டேன். ஐந்து பேரும் ஒரே வீட்டில் இருக்கலாமே, இரண்டு அறை இருக்கிறதே, இங்கே நீங்கள் இருவரும் எப்படி என்று. வெடிப்பு அப்போது ஏழரை சென்டிமீட்டர். முளைகளில் மூன்று சாய்ந்துவிட்டன. அம்மாள் பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டுவதை நிறுத்தாமல் சொன்னார்:

"மறுபடி ஒரே ஒலைன்னா மாப்புள்ள வரமாட்டாரு சேர். அவரு அங்க எஹலியகொடையிலேயே ரூம் எடுத்துருவாரு, புள்ள தனியா கெடக்கும். நாங்க ரெண்டு பேரு. இங்கயே பொறந்தோம். புள்ளையையும் பேரனையும் இந்த மண்ணுக்குக் கீழ வச்சிட்டு நாங்க அங்க போய்ப் படுத்தா தூக்கம் வருமா?"

லயத்தை இடித்துவிட வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் பட்டியலில் விடுபட்ட குடும்பங்கள் நான்கு காம்பராக்களில் இருந்தன. அதனால் யாரும் இடிக்க வரவில்லை. மகள் போன அன்று பின்பக்கத்து அடுப்பின் மூன்று கற்களையும் சாக்கில் போட்டு மருமகன் தோளில் சுமந்து படி இறங்கினார். புது வீட்டில் சிமெண்ட் மேடை இருந்தது. கல் தேவையில்லை. ஆனாலும் கொண்டுபோனார். என் அறையில் அன்றிலிருந்து புகை இல்லை. நான் கிளம்ப இன்னும் இருபத்து மூன்று நாள் இருந்தது. அந்த இருபத்து மூன்று நாளும் நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். ஜன்னலுக்குக் கீழே ஒன்றும் இராது.

பிள்ளைகளில் பதினான்கு பேர் கணக்கில் தேறிவிடுவார்கள் என்று அதிபர் சொல்லி, பள்ளியில் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். அதை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

நான் ஊர் திரும்பி இப்போது ஒன்றரை வருடம். மழைச் செய்தி பார்ப்பது பழக்கமாகிவிட்டது. தொலைக்காட்சியில் அந்தத் தோட்டத்துப் பக்கத்துக் கேகாலை, இரத்தினபுரி என்று பெயர் சொன்னால் உடனே போன் போடுவேன். இதுவரை முப்பத்தேழு தடவை. அம்மாள்தான் எடுப்பார். பெய்யுதா என்று கேட்பேன். பெய்யுது சேர் என்பார். பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுங்கள் என்பேன். பார்ப்போம் என்பார். பேரன் ஓடித் திரிகிறான், புது வீட்டு முன் அறையில் பிஸ்கட்டும் சவுக்காரமும் விற்கிறார்கள், அடுத்த கட்ட வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை, இவ்வளவுதான் சேதி. கணவர் பக்கத்தில் இருப்பது தெரியும். அவர் போனுக்கு வருவதில்லை. வெடிப்பு எவ்வளவு என்று நான் கேட்பதில்லை. அளப்பதற்கு அங்கே ஆளும் இல்லை.

நேற்று அடித்தபோது மணி ஒன்பது தடவை ஒலித்த பிறகுதான் எடுத்தார். அந்த ஒன்பதையும் நான் எப்படிக் கடந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். விறகு பொறுக்கப் போயிருந்தாராம். தகரத்தில் மழை விழும் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசினார். என்ன கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது அவரே கேட்டார்.

"உங்க இருமல் எப்படி சேர் இருக்கு?"

இப்போது இல்லை என்றேன். அது சரிதான். இங்கே கேஸ் அடுப்பு.